ஒன்றரை விரல்

அகரம் போகும் தனியார் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் சகாயராஜைப் பற்றிப் பயணிகளுக்கு ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது. வாய் பேசாத நல்ல மனுஷன். படிக்கட்டில் தொங்குகிறவனை ஆத்தாள் அப்பனை இழுத்துத் திட்டாத கண்டக்டர், திண்டுக்கல் பஸ் நிலையத்திலேயே அவர் ஒருவர்தான் என்று பூக்கூடைக்காரிகள் சொல்வார்கள். டிக்கெட் கட்டை நீட்டுவார், புருவத்தை உயர்த்துவார். எந்த ஊர் என்று கேட்பதற்கு அந்தப் புருவம் போதும். நிறுத்த ஒரு விசில், எடுக்க இரண்டு. அதற்கு மேல் அவரிடமிருந்து சத்தம் வராது.

"கண்டக்டரு வாயைத் தொறந்தா முத்து உதுந்துரும்னு பூட்டுப் போட்டு வச்சிருக்காரு" என்பாள் அகரத்திலிருந்து மல்லிகைக் கூடையோடு ஏறும் பெருமாயி. "நம்ம ஊருப் பூட்டு. லேசுல தொறக்காது."

ஒருநாள் அவளே கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். "ஏப்பா, வேளாங்கண்ணி மாதாவுக்கு எதுவும் நேந்திருக்கியா? பேசுறதில்லன்னு?"

சகாயராஜ் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதுபோல ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து வண்டியில் அவருக்குத் தனி மரியாதை. பெருமாயி சில நாள் ஒரு முழம் பூவைக் கிள்ளி, "மாதா படத்துக்குப் போடு அப்பு" என்று கொடுப்பாள்.

உண்மை வேறு. அவர் வாயில் எப்போதும் பாக்கு இருந்தது. வாயைத் திறந்தால் சிவந்த எச்சில் காக்கிச் சட்டையில் வழியும். அதனால்தான் பேசவில்லை.

அந்தப் பழக்கம் வந்தது தொண்ணூற்று மூன்றில். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. முதல் நடை காலை ஐந்து மணிக்கு. மேட்டுப்பட்டியில் வீடு. மனைவி அமலோற்பவம் நாலு மணிக்கு எழுந்து கடுங்காப்பி போட்டுத் தருவாள். அதற்குப் பிறகு பத்து மணி வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது. அந்த நாளில் பஸ் நிலையத்துக்குள் கம்பெனிப் பெயர் அச்சடித்த பனியன் போட்ட நாலைந்து பேர் வந்து, டிரைவர் கண்டக்டர்களுக்கெல்லாம் மினுமினுக்கும் பாக்குப் பொட்டலங்களை இனாமாகக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கொடுத்தார்கள். எட்டாம் நாள் அவர்கள் வரவில்லை. அதே பொட்டலம் முகமது பாரூக்கின் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது.

பின்னாளில் சகாயராஜ் இந்தத் தொடக்கத்தைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். குடிக்கிறவர்கள் ஒரு துக்கத்தைச் சொல்வார்கள், ஒரு துரோகத்தைச் சொல்வார்கள். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனைவி, நிலையான வேலை, வயிறு கொஞ்சம் காய்ந்த ஒரு காலை நேரம், அவ்வளவுதான். காரணம் இல்லாமல் தொடங்கிய ஒன்றை எந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்துவது என்பதுதான் அவருக்குப் புரியாமலே இருந்தது.

வண்டியின் டிரைவர் கருப்பணன் ரெட்டியார்சத்திரத்துக்காரர். சகாயராஜைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. ஒரே குறை தூக்கம். பகல் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் இரண்டு பத்து வண்டியில் அவருக்குக் கண் சொக்கும். ஒருநாள் தாடிக்கொம்புக்கு முன்னால் இடது சக்கரம் தாரை விட்டு இறங்கி மண்ணில் ஓடியது. பெண்கள் அலறினார்கள். சகாயராஜ் முன்னால் ஓடிப்போய், தன் பையிலிருந்த பொட்டலத்தைக் கிழித்து நீட்டினார்.

"அண்ணே, இதைக் கன்னத்துல ஓரமா ஒதுக்கிக்கங்க. தூக்கம் வராது."

"என்னலே இது, விபூதி மாதிரி பொட்டலம்?"

"விபூதிதாண்ணே. நம்மளக் காப்பாத்தும்."

கருப்பணன் சிரித்துக்கொண்டே வாயில் கொட்டிக்கொண்டார். அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவரே கேட்டு வாங்கினார். ஆறு மாதத்தில் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த மாதா படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் ஒரு சரம் தொங்கத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் சகாயராஜைவிட அவர் அதிகம் போட்டார்.

தொண்ணூற்றெட்டில் சகாயராஜுக்கு வாய் எரிய ஆரம்பித்தது. முதலில் ரசம் எரிந்தது. பிறகு சாம்பார். பிறகு மிளகாய் கிள்ளிப் போட்ட எந்த வெஞ்சனமும் ஆகவில்லை.

"சூடுதாங்க" என்றாள் அமலோற்பவம். "பகல் பூரா எஞ்சின் பக்கத்துல நின்னுட்டு வாரீங்க. உடம்பு கொதிச்சுக் கெடக்கு."

அதில் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. வாய்ப்புண் என்றால் சூடு, சூடு என்றால் மணத்தக்காளிக் கீரை. இது யாருக்கும் தெரிந்ததுதானே. வாரத்தில் மூன்று நாள் மணத்தக்காளி வெந்தது. சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார். நன்னாரித் தண்ணீர் குடித்தார். நாலு வருடம் அவர்கள் சூட்டோடு சண்டை போட்டார்கள். பாக்கை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்காததற்கு ஒரு நியாயமும் இருந்தது. எரிச்சல் தாங்காதபோது ஒரு பொட்டலத்தைக் கிழித்துப் போட்டால் கன்னம் மரத்து, எரிச்சல் அடங்கிவிடும். நோவுக்குக் காரணமே மருந்தின் வேஷத்தில் சட்டைப்பையில் இருந்தபோது, அதை யார் சந்தேகப்படுவார்கள்?

வாய் சுருங்கியதை அவர் கவனிக்கவில்லை. ஒரே நாளில் சுருங்கியிருந்தால் கவனித்திருப்பார். முதலில் உளுந்த வடையைக் கடிக்க முடியாமல் பிய்த்துத் தின்றார். பிறகு சோற்று உருண்டை சிறுத்தது. அமலோற்பவம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்காமல் காய்களைப் பொடியாக நறுக்க ஆரம்பித்தாள். மகள் ரெஜினாவுக்கு அப்பாவின் கொட்டாவி வேடிக்கையாக இருந்தது. "அப்பா கோழி மாதிரி கொட்டாவி விடுறாங்கம்மா!" என்று அதைச் செய்து காட்டிச் சிரிப்பாள்.

அப்புறம் விசில் போயிற்று. கன்னத்தை உப்ப முடியவில்லை. காற்று உதட்டோரம் கசிந்து, விசில் புஸ்ஸென்றது. அவர் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு, வண்டியின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு எடு. கருப்பணன் இரண்டு நாளில் பழகிக்கொண்டார். கண்டக்டரின் நேர்ச்சை இன்னும் கடுமையாகிவிட்டது, விசில்கூட ஊதுவதில்லை என்று பெருமாயி மற்றவர்களுக்கு விளக்கினாள்.

கோயிலிலும் அப்படித்தான். சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க வாயை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு மணி நேரம் பாக்கு இல்லாமல் அவரால் நிற்க முடியவில்லை. அதனால் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று, பாதியில் வெளியே போய்விடுவார். பிறகு ஒருநாள் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தார். அது பல்லைத் தாண்டி வரவில்லை. அதன் பிறகு அப்பம் வாங்கும் வரிசையில் நிற்கும் நினைப்பையே விட்டுவிட்டார்.

அரசாங்கம் குட்காவைத் தடை செய்ததும் பாரூக் கடை வாசலிலிருந்த சரங்கள் மறைந்தன. பிஸ்கட் டின்னுக்கு அடியில் போயின. கை நீட்டினால் வந்தது.

இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்டில் கருப்பணனின் வலது கன்னத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பல்வலி என்று கிராம்பு வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். தீபாவளிக்கு முன்னால் மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சகாயராஜ் பார்க்கப் போனபோது அறுவை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பாதி முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய். பக்கத்தில் அவர் மனைவி அய்யம்மாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பேச்சு நின்னு போச்சு தம்பி. தாடையோட சேத்து எடுத்துட்டாங்க. காது நல்லாக் கேக்கும், நீங்க பேசுங்க" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு கெட்ட பழக்கமில்லாத மனுஷன். இந்தச் சனியனை எவன் பழக்கிவிட்டானோ, அவன் நல்லா இருக்கட்டும்."

சகாயராஜ் தலைகுனிந்து நின்றார். சொல்லியிருக்கலாம். வாய் பேசாத மனுஷன் என்ற பெயர் அன்று மட்டும் அவருக்கு வசதியாக இருந்தது.

கருப்பணன் பக்கம் திரும்பி வண்டியைப் பற்றிப் பேசினார். புது டயர் மாட்டியிருக்கிறார்கள். முனியப்பன் என்று ஒரு பையனை டிரைவராகப் போட்டிருக்கிறார்கள், பிரேக்கை மிதிமிதி என்று மிதிக்கிறான். பெருமாயி தினமும் உங்களைக் கேட்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. பொட்டலத்தின் மடிப்பை விரல் தடவியது.

கருப்பணன் கட்டிலின் இரும்புச் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

ஒரே தட்டு. சகாயராஜின் கை பைக்குள்ளேயே நின்றது. கருப்பணனின் கண்கள் அந்தப் பையின்மேல் இருந்தன. ஒன்பது வருடம் இந்த மனிதருக்கு சகாயராஜ்தான் ஒற்றைச் சத்தம் கொடுத்து வந்தார். ஒருநாள்கூடக் கருப்பணன் அதைக் கேட்டும் கேட்காததுபோல வண்டியை ஓட்டியதில்லை. மழையிலும், கூட்டத்திலும், முன்னால் போகும் வண்டியை முந்தும் அவசரத்திலும் நிறுத்தியிருக்கிறார்.

சகாயராஜ் நிறுத்தவில்லை. வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் கருப்பணன் இறந்துபோனார்.

ரெட்டியார்சத்திரம் சுடுகாட்டில் வரட்டி அடுக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட உறவினர்கள் சுற்றி வந்தார்கள். முகத்துக் கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் பெண்பிள்ளைகள் பார்க்க முடியாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தார்கள். முதலில் வந்த மகன் அரிசியை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான்.

"துணிக்கு மேலாப்ல போட்டுட்டுப் போங்கப்பா. அவருக்குத் தெரியும்" என்றார் சடங்கு செய்தவர்.

அரிசி துணியில் தங்கவில்லை. சரிந்து, கழுத்தோரமாக உருண்டு, வரட்டி இடுக்கில் விழுந்தது. ஒவ்வொருவர் போட்டதும் அப்படியே உருண்டது.

"நீயும் போடுய்யா. ஒரு வண்டியில ஓடுனவன்" என்று யாரோ சகாயராஜின் கையிலும் ஒரு பிடி அரிசியைத் திணித்தார்கள். அவருடைய கிறிஸ்தவ வழக்கத்தில் இது கிடையாது. இருந்தாலும் போட்டார். அதுவும் உருண்டு விழுந்தது. அந்த நேரத்திலும் அவர் இடது கன்னத்தில் பாக்கு இருந்தது. அழ வாயைத் திறந்தால் சிந்தும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள், துக்கத்தை அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தார்கள்.

மறுவாரம் அமலோற்பவம் அவரைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாளா, அவரே கிளம்பினாரா என்பதில் பின்னாளில் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

டாக்டரம்மா சின்ன வயது. "மூணு விரலைச் சேத்து நிமித்தி வாய்க்குள்ள வைங்க பாப்போம்" என்றாள். தன் வாயில் வைத்துக் காட்டினாள். அமலோற்பவமும் வைத்துப் பார்த்தாள், போயிற்று. சகாயராஜுக்கு ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் பாதியில் பல்லில் இடித்தது.

"ஒன்றரை" என்று எழுதிக்கொண்டாள் டாக்டரம்மா.

"சூடு இல்லையா டாக்டர்?" என்றாள் அமலோற்பவம். நாலு வருடக் கீரை அவள் குரலில் இருந்தது.

"சூடு இல்லம்மா. பாக்கு. கன்னத்துச் சதை நார் நாராக் கெட்டியாயிருச்சு. மூடினது திரும்ப முழுசாத் திறக்காது, அதை இப்பவே சொல்லிர்றேன். இன்னும் மூடாமப் பாத்துக்கலாம். உள்ள ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறேன்."

பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனைன்னு நான் கேக்கல. எல்லாரும் பாதியாக் கொறச்சுத்தான் சொல்வாங்க. எப்ப எப்பப் போடுறீங்க, அதைச் சொல்லுங்க."

சகாயராஜ் மெல்லச் சொன்னார். வார்த்தைகள் பல்லுக்குள்ளேயே உருண்டன. "ஸ்டாண்டுல வண்டி எடுக்கறப்ப ஒண்ணு. தாடிக்கொம்பு தாண்டி, டிக்கெட்டெல்லாம் போட்டு முடிச்சதும் ஒண்ணு. அகரத்துல டீ குடிச்சிட்டு ஒண்ணு. திரும்பி வாரப்ப…"

"என்னங்க, பஸ் ரூட்டு மாதிரியில்ல சொல்றீங்க!"

டாக்டரம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தன்னை ஒரு ஆசை ஆட்டிவைக்கிறது, தனக்கு மனத்திடம் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஆசை எங்கே இருந்தது? பல வருடமாக அதில் ருசியே இல்லை. வண்டி நின்ற இடத்தில் கை பைக்குள் போயிற்று, அவ்வளவுதான். தன் வண்டிக்குள்ளேயே இன்னொரு வண்டி, அதற்கென்று நேரமும் நிறுத்தமும் வைத்துக்கொண்டு, அவரைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"நிறுத்தத்தை மாத்த முடியாது, உங்க பொழப்பு அது" என்றாள் டாக்டரம்மா. "அங்க ஏத்துற ஆளை மாத்துங்க. தாடிக்கொம்புல ஒரு வாய் தண்ணி. அகரத்துல சோம்பு. அப்புறம் தினமும் இந்தப் பயிற்சி." ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். தாங்குமானால் வாரம் ஒரு குச்சி கூட்டலாம். அவருக்கு அன்று ஒன்பது குச்சி போயிற்று.

சதைப் பரிசோதனை முடிவு பத்து நாளில் வந்தது. புற்று இல்லை. "இப்போதைக்கு" என்ற சொல்லை டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னாள்.

பாக்கை விட்ட மூன்றாம் நாள் தலை பிளந்தது. பெருமாயி வழக்கம்போல் கூடையைப் படியருகே வைத்து வழியை அடைத்தாள். சகாயராஜ் வாயைத் திறந்தார். பத்து வருடத்தில் அந்த வண்டி கேட்ட முதல் வசவு அது. பாதி எழுத்துகள் இல்லாமல், மழுங்கி, ஆனால் வசவு என்பதில் யாருக்கும் ஐயமில்லாதபடி வந்தது.

பெருமாயி கன்னத்தில் கை வைத்தாள். "ஆத்தாடி! பூட்டு தொறந்துருச்சுடி! இம்புட்டு நாளா உள்ள இதைத்தான் வச்சிருந்தியாப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்கால நடையில் அவளாகவே பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "நேர்ச்சை முடிஞ்சிருச்சா அப்பு?" என்று கேட்டாள்.

"நேர்ச்சையே இல்லத்தா. பாக்கு" என்றார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதற்குப் பிறகு பூ கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காரணமே இல்லாமல் பாரூக் கடை முன்னால் நின்றார். பாரூக் பிஸ்கட் டின்னைத் தொடவில்லை.

"விட்டுட்டேன்னு சொன்னியேய்யா சகாயம்."

சகாயராஜ் கையை நீட்டியபடியே நின்றார்.

"தொட்டில் பழக்கம்கூட இல்ல, நடுவுல வந்தது. இதைப் போயி…" என்று முணுமுணுத்துக்கொண்டே பாரூக் எடுத்துக் கொடுத்தார். போட்டதும் ஆறிக்கொண்டிருந்த கன்னம் தீயாய்ப் பற்றியது. பாதியைத் துப்பினார். மீதியை விழுங்கினார். வீட்டுக்குப் போய் அமலோற்பவத்திடம் சொல்லவில்லை. அவளுக்கு மணமே சொல்லிவிட்டது. அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்தாள்.

"பன்னெண்டு நாளு இருந்த ஆளு, பதிமூணு நாளு இருக்க மாட்டீங்களா?" என்றாள். பிரம்புத் தட்டில் குச்சிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாளை ஒன்று என்று வைத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியிருந்தது. அவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்த பங்குமக்கள், கண்டக்டர் கடுமையாக ஒறுத்தல் விரதம் இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ரெஜினா பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் தின்று போட்ட ஐஸ் குச்சிகளைப் பொறுக்கி, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, சோப்பு டப்பா நிறையச் சேர்த்துவிட்டாள். அதில் ஐந்து வருடத்துக்குப் போதுமானவை இருந்தன. அந்த ஆண்டு மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். அம்மாவும் அப்பாவும் இருபக்கமும் நின்று, அவளோடு சேர்ந்து நற்கருணை வாங்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

"அப்பா வருவீங்கல்லப்பா? வெளிய போயிற மாட்டீங்கல்ல?"

அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி அவரைச் சுட்டது. கடைசித் தூணருகே அவர் நின்றதை அவள் இத்தனை வருடமும் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கருப்பணனைப் பற்றிச் சொன்னார். சாமியார் கேட்டுவிட்டு, "இதை என்கிட்டச் சொல்லிட்டீங்க. அந்தம்மாகிட்ட?" என்றார்.

ஏப்ரல் கடைசியில் ரெட்டியார்சத்திரம் போனார். அய்யம்மாள் வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு மொதல்ல பாக்குக் குடுத்தது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தம்பி?" என்றாள். மறுபடி சொன்னார். வாய் ஒத்துழைக்கவில்லை. அவள் காதைக் கிட்டே கொண்டுவந்தாள். ஒரு மனிதனால் ஒரு தடவைகூடச் சொல்ல முடியாத ஒன்றை அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அவளுக்குக் கேட்டது. ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். அது அழுகலா நல்லதா என்று தெரியாததுபோல வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பவும் போடுறியா?"

"இல்லக்கா. நாப்பது நாளாச்சு."

"போ" என்றாள். "போயி உன் புள்ளயப் பாரு."

அதற்கு மேல் அவள் நிமிரவில்லை. மன்னித்தாளா என்று அவருக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

புதுநன்மை அன்று பதினொரு குச்சி போயிற்று. பூசை முழுவதும் அவர் வெளியே போகவில்லை. வரிசையில் ரெஜினா வெள்ளை உடையும் பூ முடியுமாக நடுவில் நின்றாள். அவளுக்குத்தான் முதலில். "கிறிஸ்துவின் உடல்" என்றார் சாமியார். "ஆமென்" என்று சொல்லி அவள் வாயைத் திறந்தாள்.

சகாயராஜ் பார்த்தார். ஒரு மனித வாய் அவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை அவர் மறந்துபோயிருந்தார். கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. நாக்கு ஒரு தடையுமில்லாமல் முழுதாக வெளியே வந்து காத்திருந்தது. யாரும் அவளுக்குக் கொடுக்காமல், அவள் கேட்காமல், பிறந்ததிலிருந்து அந்த வாய் அவளிடம் இருக்கிறது.

அவர் முறை வந்தது. நாக்கு கீழுதட்டின் விளிம்பு வரை வந்து நின்றது. சாமியார் ஒரு கணம் தயங்கினார். அப்பத்தை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை உள்ளே வைத்தார். பிறகு அடுத்த பாதியை வைத்தார். ரெஜினா தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பிரியாணி. அவருக்கென்று காரமில்லாமல் தனியாக வைத்திருந்தாள் அமலோற்பவம். அவர் மகளின் தட்டிலிருந்து ஒரு விரல்கடை அளவு எடுத்துப் போட்டுக்கொண்டார். எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. "எதுக்குங்க இது?" என்றாள் மனைவி. "சும்மா" என்றார்.

திங்கட்கிழமை இரண்டு பத்து வண்டி. வெயில் கொதித்தது. தாடிக்கொம்பு நெருங்கும்போது டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் முனியப்பனின் கண்கள் சொக்குவது தெரிந்தது. சகாயராஜ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போகப் புறப்பட்டார். அதற்குள் முனியப்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப்பையிலிருந்து மினுமினுப்பான ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துக் கிழிக்கப் போனான். பின்னால் திரும்பி, "அண்ணே, உங்களுக்கும் ஒண்ணு வேணுமா? தூக்கம் வராது!" என்றான்.

அவன் அதை எங்கே கற்றானோ. வார்த்தை மட்டும் மாறாமல் வந்து சேர்ந்திருந்தது.

சகாயராஜ் வேண்டாம் என்று கத்தினார். அது கூட்டத்தின் சத்தத்தில் வெறும் காற்றாகப் போயிற்று. அவர் கை தானாக உயர்ந்து பக்கத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.

முனியப்பன் சடாரென்று பிரேக்கை மிதித்தான். வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

"யாருப்பா எறங்குறது? இங்க என்ன ஸ்டாப்பா இருக்கு?" என்று பெருமாயி கூடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

யாரும் இறங்கவில்லை. சகாயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவர் இருக்கை வரை போனார். முனியப்பன் கையில் பொட்டலத்தோடு விழித்தான்.

"என்னண்ணே?"

அவர் பேசவில்லை. பேசினால் புரியாது. மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி அவன் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு அவற்றைத் தன் வாயில் வைத்தார். ஒன்று போயிற்று. இரண்டாவது பாதியில் பல்லில் இடித்து நின்றது. மூன்றாவது வெளியே இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

முனியப்பன் அவர் வாயையும் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தான். பொட்டலத்தை அவன் எறியவில்லை. சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான். அவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, முகத்தில் கொஞ்சம் அடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து மடமடவென்று குடித்தான்.

சகாயராஜ் தன் இடத்துக்குத் திரும்பி வந்தார். தாடிக்கொம்பு தாண்டினால் தனக்கும் ஒரு வாய் தண்ணீர் வேண்டும். பாட்டில் அவனிடம் இருந்தது. தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.